தொண்ணூறு கிலோ அடுப்பும் என் இடது புருவமும்

உறையூர்,
புதன்கிழமை.

அன்பும் மரியாதையும் நிறைந்த நஜீமா அக்காவுக்கு,

உங்கள் தம்பி மனைவி ஆபிதா எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே நானும் உங்கள் தம்பியும் அல்லாஹ்வின் கிருபையால் நலம். என் இடது புருவம் மட்டும் நலமில்லை. அதன் விவரம் கீழே வருகிறது. அங்கே உங்கள் முழங்கால், மச்சானின் சர்க்கரை, கும்பகோணத்து வெயில் மூன்றும் அளவோடு இருக்க துஆ செய்கிறேன்.

இன்று காலை நான் முதலில் செய்த வேலை, கண்ணாடி முன்னால் நின்று கண்மைப் பென்சிலால் இடது புருவத்தை வரைந்ததுதான். பத்து நாளாக இதுவே வழக்கம். ஆனாலும் கை வரவில்லை. பென்சில் கொஞ்சம் மேலே ஏறிவிட்டால் அன்று முழுவதும், யார் எதைச் சொன்னாலும் நம்பாதவள் மாதிரி ஒரு முகம் அமைந்துவிடுகிறது. நேற்று அப்படித்தான் ஆனது. நான் வேலை பார்க்கிற ஸ்ரீரங்கத்துப் பல் ஆஸ்பத்திரியில் டோக்கன் வாங்க வந்த ஒரு பெரியவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "நெசமாவே வலிக்குதும்மா, பொய் சொல்லல" என்று மூன்று தடவை சத்தியம் செய்தார்.

நீங்கள் தலைமை ஆசிரியையாக இருந்து ரிட்டையர் ஆனவர்கள். போன வாரம் போனில் நான் அழ ஆரம்பித்ததும், "அழுதா எனக்கு ஒண்ணும் வெளங்காது ஆபிதா, எழுத்து மூலமாக் கொடு. அந்த அடுப்பை வாங்கலாமா வேணாமான்னு காரணத்தோட எழுது. வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிஞ்சதும் நான் அவன்கிட்ட பேசறேன். நான் சொன்னா கேப்பான்" என்று சொல்லி போனை வைத்துவிட்டீர்கள். வாட்ஸப்பில் அனுப்பலாமே என்று நினைப்பீர்கள். உங்களுக்கு அனுப்புவதாக நினைத்து, உங்கள் தம்பியின் குறட்டையைப் பற்றி ஐந்து நிமிடம் பேசி, அதை நாற்பத்தாறு பேர் இருக்கிற குடும்ப குரூப்பில் போட்டவள் நான். அதனால் காகிதம். கூரியரில் நாளைக்கே வந்துவிடும் என்கிறார்கள்.

விஷயத்துக்கு வருகிறேன். பத்தொன்பது வருடம் சவுதியில், தம்மாமில் எலக்ட்ரீஷியனாக இருந்துவிட்டு, "போதும், இனிமே ஊருதான்" என்று பெருநாளுக்கு வந்தார் உங்கள் தம்பி. உங்களுக்குத் தெரியும். உங்களுக்குத் தெரியாதது, போன மாதம் அந்தக் கம்பெனியிலிருந்து திரும்ப வரச் சொல்லி மெயில் வந்திருக்கிறது. இந்த மாதக் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டும். போகிறேன் என்றும் சொல்ல மாட்டேன் என்கிறார், போகவில்லை என்றும் சொல்ல மாட்டேன் என்கிறார். கேட்டால் "பாப்போம்". அவர் ஆசையாக வாய் திறந்து பேசுகிற ஒரே விஷயம் இந்த அடுப்புதான். அங்கே அவருடைய இன்ஜினியர் வீட்டுத் தோட்டத்தில் இதே மாதிரி ஒன்று இருந்ததாம். வெள்ளிக்கிழமை தவறாமல் இவர்தான் அதில் கோழியும் ஆட்டுத் தொடையும் சமைப்பாராம், நாற்பது பேர் காத்திருப்பார்களாம். எனக்கு இத்தனை வருடமும் போனில் சொன்னது "சாப்ட்டேன்" என்ற ஒரு வார்த்தை.

அடுப்பு என்றதும் நம்முடைய கரி அடுப்பு மாதிரி நினைத்துவிடாதீர்கள். பெரிய பானை மேல் இன்னொரு பானையைக் கவிழ்த்த மாதிரி, என் மார்பு உயரத்துக்கு, கருநீலத்தில், பளபளவென்று ஒரு பீங்கான் முட்டை. அடியில் காற்று வர ஒரு கதவு, தலையில் புகை போக ஒரு மூடி, நெற்றியில் சூடு காட்ட ஒரு கடிகாரம். உள்ளே கரியைப் போட்டு மூடிவிட்டால் எட்டு மணி நேரம் அணையாமல் இருக்குமாம். எடை தொண்ணூறு கிலோ. அக்கா, என் புத்தி போகிற போக்கைப் பாருங்கள். தொண்ணூறு கிலோவை வாங்கி வீட்டில் வைக்கிற மனிதர் விமானம் ஏற மாட்டார் என்று நானே முடிவு கட்டிவிட்டேன். அடுப்பு இருந்தால் அவர் இருப்பார், அடுப்பு திரும்பிப் போனால் அவரும் போவார். அவரும் அப்படித்தான் நினைக்கிறார் என்பது என் சந்தேகம். அதனால்தான் "அடுப்பு வேணுமா?" என்று நீங்கள் கேட்டதும் எனக்கு அழுகை வந்தது. மற்றபடி அடுப்புக்காக அழுகிற அளவுக்கு நான் இன்னும் போகவில்லை.

இருக்கட்டுமே, புருஷன் வீட்டோடு இருந்தால் உனக்கு என்ன கசக்கிறதா என்று கேட்பீர்கள். கசக்கவில்லை அக்கா. பழக்கமில்லை. காலையில் ஒன்பது மணிக்கு நான் பையை எடுத்தால் "எங்க கெளம்பிட்டே?" என்கிறார். பதினோரு வருடமாக அதே ஒன்பது மணிக்கு அதே சத்திரம் பஸ்ஸைப் பிடித்து, சத்திரம் பஸ் ஸ்டாண்டில் ஒண்ணாம் நம்பருக்கு மாறி, ஸ்ரீரங்கம் போகிறவள் நான். "ஆஸ்பத்திரிக்குங்க" என்றால், "ஏன், ஒடம்புக்கு என்ன?" என்கிறார். மறந்துவிட்டு அல்ல, வேடிக்கைக்கு. ஆனால் தினமும் அதே வேடிக்கை. என் மசாலா டப்பாக்களையெல்லாம் ஸ்டோர் ரூம் மாதிரி வரிசையாக அடுக்கி, ஒவ்வொன்றிலும் பேர் எழுதி ஒட்டியிருக்கிறார். சீரகத்தை நான் கண்ணை மூடிக்கொண்டு எடுத்த காலம் போய், இப்போது கண்ணாடி போட்டுக்கொண்டு படித்து எடுக்கிறேன். கூடத்து சுவிட்சுகளை ஒரே நாளில் கழற்றி மாற்றிவிட்டார். ஃபேன் என்று நினைத்துப் போட்டால் வாசல் விளக்கு எரிகிறது. இதையெல்லாம் சொன்னால் நன்றி கெட்டவள் என்று இருக்கும். சொல்லாவிட்டால் குடும்ப குரூப்பில் போய் விழும். ஜெஸிமாவிடம் புலம்பினேன். ஹாஸ்டலில் இருந்துகொண்டு நம் பெண் சொல்கிறாள், "அம்மா, அத்தா உங்களுக்குப் புதுசா வந்த ரூம்மேட். மொத செமஸ்டர் அப்படித்தான் இருக்கும்."

இந்த அடுப்பை வீட்டுக்குள் கொண்டு வந்தது யார் என்று கேட்டால், அங்கேதான் என் லட்சணம் தெரியும். நானேதான். ஆஸ்பத்திரிக்குப் பல் பிடுங்க வந்த ஒரு ஐயங்கார் மாமி, வாயில் பஞ்சோடு என்னிடம் புலம்பினார். அம்மா மண்டபம் ரோட்டில் ஃப்ளாட். அமெரிக்காவில் இருக்கிற பிள்ளை, அப்பா ரிட்டையராகி சும்மா இருக்கிறாரே, ரொட்டியும் பீட்சாவும் சுடட்டும் என்று ஆர்டர் பண்ணி அனுப்பிவிட்டானாம். இரண்டு தடவை சுட்டதும் புகை மேல்வீட்டுக்குப் போய், அசோசியேஷனில் நோட்டீஸ் ஒட்டிவிட்டார்களாம். "பால்கனில யானை மாதிரி நிக்கறது, யாராவது எடுத்துண்டு போனாப் போறும்" என்றார். இதை நான் சாப்பிடும்போது ஒரு ஜோக்காகச் சொன்னேன். வீட்டில் பேச்சே இல்லையே, எதையாவது சொல்லுவோம் என்று சொன்னது. உங்கள் தம்பி சோற்றில் கையை வைத்தபடி நிமிர்ந்து பார்த்தார். நிக்காஹ் முடிந்து முதல் தடவை என்னைப் பார்த்தபோதுகூட அந்த முகம் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை போனோம். மாமா பெயர் சம்பத். நெற்றியில் பளிச்சென்று நாமம், பேச்சில் ஒரு குறும்பு. பால்கனியில் அடுப்பின் மூடியைத் திறந்தால் உள்ளே கொலு பொம்மைகள். "எலி வராது, ஈரம் வராது, இதைவிட நல்ல பெட்டி ஏது?" என்றார் மாமி. உங்கள் தம்பி ஒவ்வொரு பொம்மையாக, குழந்தையைத் தூக்குகிற மாதிரி இரண்டு கையாலும் எடுத்து, பேப்பர் கிழியாமல் தரையில் வரிசையாக வைத்தார். எனக்கே ஆச்சரியம். பிறகு அடுப்பின் உள்சுவரைத் தடவிப் பார்த்தார், தட்டிப் பார்த்தார், கீல் முறுக்கைச் சரிபார்த்தார். நான்கு சக்கரத்தையும் உருட்டிப் பார்த்துவிட்டு, "ரெண்டுலதான் பூட்டு இருக்கு, கால் வச்சு அழுத்துனா போதும்" என்று எனக்குக் காட்டினார். நான் கேட்காமல் இவர் எனக்கு ஒன்றைக் காட்டியது அதுதான் முதல் தடவை.

அப்போது மாமி கேட்டார், "இதுல நீங்க என்ன பண்ணுவேள்?"

நான் காலடியில் இருந்த தசாவதார செட்டைப் பார்த்தேன். உங்கள் தம்பி சளைக்காமல், "கத்திரிக்காய் சுடுவோம்ங்கம்மா" என்றார். மாமிக்கு முகமெல்லாம் சிரிப்பு. காபி கொண்டுவர உள்ளே போனதும் மாமா குனிந்து மெதுவாக, "பாய், நானும் பிள்ளை ஆத்துல ஆறு மாசம் இருந்துட்டு வந்தவன். கத்திரிக்காய்க்குக் கால் உண்டா இல்லையான்னு நான் கேக்கலை. ஆத்துக்காரிகிட்ட மட்டும் கடைசி வரைக்கும் கத்திரிக்காய்னே சொல்லுங்கோ" என்றார். அதோடு விட்டாரா? "மூணு வாரம் வெச்சுப் பாருங்கோ. பிடிச்சா வெச்சுக்கோங்கோ, பிடிக்கலேன்னா அனுப்பிடுங்கோ" என்று கொடுத்தேவிட்டார். அந்த மூன்று வாரம் இந்த ஞாயிற்றுக்கிழமையோடு முடிகிறது.

அந்தக் கத்திரிக்காய்ப் பொய்யின் பலனை அனுபவிப்பது நான். மாமி பல் கட்ட வாரம் இரண்டு தடவை வருகிறார். வரும்போதெல்லாம் ஒரு பை கத்திரிக்காய். "மணப்பாறைக் காய், எண்ணெய் தடவிச் சுட்டுப் பாருங்கோ, வெண்ணெயா இருக்கும்." எங்கள் வீட்டில் இப்போது ஃபிரிட்ஜில் கத்திரிக்காய், கூடையில் கத்திரிக்காய், மீன் வாங்குகிற வயர்கூடையிலும் கத்திரிக்காய்.

அடுப்பு உறையூர் வந்த கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். சரத்குமார் என்கிற பையனின் லோடு ஆட்டோவைப் பேசினோம். நான் முன்னால், இவர் பின்னால் அடுப்பைக் கட்டிப்பிடித்துக்கொண்டு. நாலு பேர் தூக்கி ஏற்றினார்கள், கயிறு கட்டினார்கள், சக்கரத்தைப் பூட்ட எல்லோரும் மறந்துவிட்டார்கள். காவிரிப் பாலத்தில் முன்னால் போன பஸ் திடீரென்று நிற்க, சரத்குமார் பிரேக் போட, அடுப்பு முன்னால் உருண்டு வந்து கேபினில் ஒரு முட்டு முட்டியது. "அக்கா, உள்ள ஆள் இருக்கா?" என்று அலறினான் அவன். திரும்பிப் பார்த்தால் உங்கள் தம்பி அடுப்பை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு, கன்னத்தை மூடிமேல் வைத்து, "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல" என்று சொல்லிக்கொண்டிருந்தார். என்னிடம் இல்லை. அடுப்பிடம்.

கொல்லையில் நான் துணி காயப்போடுகிற இடத்தில் அது நிற்கிறது. மழை வந்தால் தாழ்வாரத்துக்கு உருட்டுகிறார், வெயில் வந்தால் திரும்ப உருட்டுகிறார். "பூட்டிடுங்க, உருண்டு வந்து சுவத்துல இடிக்கப் போகுது" என்றேன். "திருப்பிக் குடுக்க வேண்டியதுதானே, எதுக்குப் பூட்டிக்கிட்டு?" என்றார். இதை அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்குத்தான் அன்று பூரா வேறு வேலை ஓடவில்லை.

இனி புருவம். அடுப்பு வந்த அடுத்த ஞாயிற்றுக்கிழமைதான் முதல் தடவையாக அதை மூட்டினார். கரி கடைகளில் கிடைக்காமல், தெருமுனை இஸ்திரிக்காரரிடம் ஒரு மூட்டை கேட்டு வாங்கிவந்தார். முழுக்கோழி மூன்று. இருப்பது நாங்கள் இரண்டு பேர். இவருக்கு நாற்பது பேருக்குக் குறைந்து கை வராது. கோழிக்குப் பக்கத்தில் இரண்டு கத்திரிக்காயையும் வைத்தார். கேட்டதற்கு, "அந்தம்மாகிட்ட சொன்னது பொய்யாயிடக் கூடாதுல்ல" என்றார். அஸருக்கு பாங்கு சொன்னதும், "நான் வர வரைக்கும் தொறக்காதே" என்று சொல்லிவிட்டுப் பள்ளிக்குப் போனார். அக்கா, நான் பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி. ஃபர்ஸ்ட் கிளாஸ். மூடிய இடத்தில் காற்றில்லாமல் கனன்றுகொண்டிருக்கிற கரிக்குத் திடீரென்று காற்று கிடைத்தால் என்ன ஆகும் என்று பரீட்சையில் கேட்டிருந்தால் சமன்பாட்டோடு எழுதியிருப்பேன். ஆனால் என் வீட்டில், என் கொல்லையில், என் துணிக்கொடிக்குக் கீழே ஒரு பொருளைத் திறக்காதே என்று ஒருவர் சொல்லிவிட்டுப் போனதும், படித்ததெல்லாம் எங்கே போனதோ. போய், மூடியைப் பிடித்து, ஒரே தூக்காகத் தூக்கினேன்.

உஸ்ஸென்று ஒரு சத்தம். அவ்வளவுதான் தெரியும். அல்ஹம்துலில்லாஹ், கண்ணுக்கு ஒன்றுமில்லை. முக்காட்டின் ஓரம் கருகியது, இடது புருவம் அடியோடு காலி. பக்கத்து வீட்டு லிசி டீச்சர் சுவருக்கு மேலிருந்து எட்டிப் பார்த்து, "என்ன ஆபிதா, கோழி வாசனையா?" என்றார். "இல்ல டீச்சர், நான்தான்" என்றேன்.

உங்கள் தம்பி வந்து பார்த்து, ஈரத்துணியை எடுத்து என் நெற்றியில் வைத்தார். பயத்தை மறைக்க அவருக்குத் தெரிந்தது பாடம் நடத்துவதுதான். "கொஞ்சமாத் தூக்கணும், ரெண்டு விரக்கடை. நிறுத்தணும். உள்ள இருக்கறதுக்குக் காத்து பழகணும். அப்புறம் மெதுவாத் தொறக்கணும். எல்லாரும் பண்ற தப்புதான்" என்றார். அதோடு நிறுத்தியிருக்கலாம். "நான் இல்லாதப்ப எதுக்குத் தொறந்தே?" என்றார்.

"நீங்க இல்லாதப்பதானேங்க எல்லாத்தையும் தொறந்தேன்" என்றேன்.

யோசித்துச் சொல்லவில்லை அக்கா. ஒற்றைப் புருவத்தோடு நிற்கிறவள் யோசித்தா பேசுவாள்? ஆனால் வாயிலிருந்து வந்த பிறகுதான் அது எவ்வளவு நாளாக உள்ளே இருந்தது என்று தெரிந்தது. ஜெஸிமாவின் அட்மிஷன் ஃபார்ம், மழையில் பெயர்ந்த மாடித் தளம், ராணிப்பேட்டை ஆஸ்பத்திரியிலிருந்து வந்த உங்கள் அம்மாவின் மருத்துவ ரிப்போர்ட் கவர், எல்லாவற்றையும் அவர் இல்லாதபோதுதான் திறந்தேன். அவர் துணியை என் கையில் கொடுத்துவிட்டு, அடுப்பின் கீழ்க்கதவைக் கொஞ்சம் மூடினார். பிறகு கோழியை எடுத்தார். நான் கோபத்தோடு சாப்பிட உட்கார்ந்தேன். முதல் வாயிலேயே கோபம் நிற்கவில்லை. எலும்பிலிருந்து தானாகக் கழன்று வந்தது. தெருவில் எட்டு வீட்டுக்குக் கொடுத்தோம். கத்திரிக்காயைத்தான் நாங்கள் இருவரும் சண்டை போடாமல் பாதி பாதியாகச் சாப்பிட்டோம். மாமி சொன்னது சரிதான், வெண்ணெய் மாதிரிதான் இருந்தது.

மறுநாள் காலை நான் கண்ணாடி முன்னால் பென்சிலோடு போராடிக்கொண்டிருந்தபோது பின்னால் வந்து நின்றார். "இந்தப் பக்கம் கொஞ்சம் எறங்கிடுச்சு" என்றார். பத்தொன்பது வருடம் போனிலேயே பேசி, எதிரில் நின்றால் என்ன சொல்வது என்று இருவருக்கும் புரியவில்லை. போங்க என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை. இருங்க என்றும் சொன்னதில்லை. லீவு முடிந்து ஒவ்வொரு தடவை அவர் கிளம்பும்போதும், "பாஸ்போர்ட் எடுத்துக்கிட்டீங்களா?" என்றுதான் கேட்டிருக்கிறேன்.

ஆகவே, நீங்கள் கேட்டபடி காரணத்தோடு எழுதுகிறேன். அடுப்பு வேண்டாம். வீட்டில் கேஸ் இருக்கிறது, இண்டக்‌ஷன் இருக்கிறது, மிக்ஸி இருக்கிறது, பொரித்தெடுக்கப் பழைய இரும்புச்சட்டி இருக்கிறது. இரண்டு பேருக்குத் தொண்ணூறு கிலோ அடுப்பு அதிகம். எனக்குத் துணி காய இடம் வேண்டும். இஸ்திரிக்காரருக்குக் கரி வேண்டும். எனக்குப் புருவம் வேண்டும். அவருக்குத் தம்மாமில் நாற்பது பேர் காத்திருக்கிறார்கள், இங்கே ஒருத்திதான் இருக்கிறாள், அவளும் மூடியை ஒரே தூக்காகத் தூக்குகிறவள். ஆகையால் வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் நீங்கள் அவரைக் கூப்பிட்டு, அடுப்பைத் திருப்பிக் கொடுத்துவிடு என்று சொல்லிவிடும்படி மிகவும் தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன். நீங்கள் சொன்னால் அவர் தட்ட மாட்டார்.

மச்சானுக்கு என் ஸலாம். முழங்காலுக்கு அந்தத் தைலத்தை விடாமல் தடவுங்கள். இந்தக் கடிதத்தில் எழுத்துப்பிழை இருந்தால் சிவப்பு மையில் திருத்தி எனக்கே திருப்பி அனுப்பிவிடாதீர்கள். அல்லாஹ் உங்கள் வீட்டில் எல்லோருக்கும் நீண்ட ஆயுளும், புருவங்கள் இரண்டும் குறையாத வாழ்வும் தர துஆ செய்யும்,

உங்கள் அன்புள்ள,
ஆபிதா பரக்கத் அலி

பி.கு.: கவரை ஒட்டுமுன் ஒன்று சொல்லியாக வேண்டும் அக்கா. மேலே ஒரு பொய் எழுதிவிட்டேன். இன்று காலை நான் முதலில் செய்த வேலை புருவம் வரைந்தது இல்லை. பஜ்ரு தொழுதுவிட்டு, அவர் பள்ளியிலிருந்து வருவதற்குள் கொல்லைக்குப் போனேன். அடுப்பை அவர் வழக்கமாக நிறுத்துகிற இடத்தில் நேராக நிறுத்தினேன். துணிக்கொடியை அவிழ்த்து மாடிக்கு மாற்றினேன். பிறகு காலை வைத்து ஒரு சக்கரத்தின் பூட்டை அழுத்தினேன், சுலபமாக விழுந்தது. இரண்டாவது துருப்பிடித்து முரண்டு பண்ணியது. செருப்பைப் போட்டுக்கொண்டு வந்து, சுவரைப் பிடித்து, இரண்டு காலாலும் ஏறி நின்று அழுத்தினேன். டக்கென்று விழுந்தது. அதற்குப் பிறகுதான் புருவம். இதை இன்னும் ஒருவரிடமும் சொல்லவில்லை, அவரிடமும். இப்படிச் செய்வேன் என்று நேற்றுவரை எனக்கே தெரியாது. வெள்ளிக்கிழமை நீங்கள் போன் பண்ணி என்ன வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளுங்கள். அவர் போய்த் தள்ளிப் பார்ப்பார். நகராது.